நூறு வருஷம் பூட்டி வைத்த காசுகள்: ப்ரூன் தொகுப்பின் முதல் ஏலம் எப்படி?

முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். 2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. கோபன்ஹேகனில் ஸ்டாக்ஸ் பவர்ஸ் நிறுவனம் நடத்திய எல்.இ. ப்ரூன் நாணயத் தொகுப்பின் முதல் ஏலம். கேட்லாக்குக்கு ஐந்துக்கு ஐந்து. ஏலத்துக்கு நாலு. கமிஷனுக்கு மார்க் போட மனசு வரவில்லை.

நான் இந்த ஏலத்தில் ஒரு காசுகூட வாங்கவில்லை. மயிலாடுதுறையில் டைல்ஸும் சானிட்டரி சாமானும் விற்கிறவன் நான். அங்கே ஆரம்ப விலையைக் கேட்டாலே கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் நாணய ஏலங்களைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. கிரிக்கெட் பார்க்கிறவர் எல்லாம் மட்டை பிடிக்கவா செய்கிறார்?

நான் சேர்ப்பது ஒரே வகை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசுகள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள், 1845-ல் பிரிட்டிஷ்காரர்களிடம் ஊரை விற்றுவிட்டுப் போகும்வரை இங்கேயே காசு அடித்தார்கள். முதலில் ஈயத்தில், அப்புறம் செம்பில். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே மன்னரின் பெயரெழுத்து. மறுபக்கம் பல காசுகளில் டேனிஷ் வணிகக் கம்பெனியின் முத்திரை. ஒரு காசு, நாலு காசு, பத்துக் காசு என்று வகைகள். வெள்ளியில் ராயலின் என்று ஒன்று உண்டு, அது கிடைப்பது கஷ்டம். விற்றுவிட்டுப் போன 1845-ஆம் வருஷத்திலும் நாலு காசு அடித்திருக்கிறார்கள். கடை ஏறக் கட்டுகிற அன்றைக்கும் கல்லாவில் சில்லறை வேண்டும் இல்லையா.

அதனால் டென்மார்க்கில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நாணயங்கள் ஏலத்துக்கு வருகின்றன என்றதும் என் காது நிமிர்ந்துகொண்டது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்று வைக்கிங் காலத்துக் கடைசியிலிருந்து தொடங்கும் 20,000 உருப்படிகள். நாணயம், பதக்கம், நோட்டு எல்லாம் சேர்த்து. காப்பீட்டு மதிப்பு 50 கோடி குரோனர், நம் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனைக்கு வந்த உலக நாணயத் தொகுப்புகளிலேயே அதிக மதிப்புள்ளது இதுதான் என்று ஏல நிறுவனம் விளம்பரம் செய்தது. விளம்பரம் என்றாலும் இந்த முறை மிகையாகத் தெரியவில்லை.

லார்ஸ் எமில் ப்ரூன் 1852-ல் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போது சித்தப்பாவோ மாமாவோ இறந்து, அவர் வைத்திருந்த சில காசுகள் இவர் கைக்கு வந்தன. அங்கே பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை. குடும்பச் சொத்து கைக்கு வரும் என்று இருந்தவருக்குக் கடன்தான் மிஞ்சியது என்கிறார்கள். பிறகு கடன் வாங்கி வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார். டென்மார்க் வெண்ணெயைப் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பெரும்பணம் பார்த்தார். அந்தப் பணம் காசாக மாறிக்கொண்டே இருந்தது. 1885-ல் டேனிஷ் நாணயவியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

1923-ல் இறந்தபோது எழுதி வைத்திருந்த உயில்தான் விசித்திரம். முதல் உலகப் போரில் ஐரோப்பா நாசமானதைப் பார்த்தவர் அவர். கோபன்ஹேகனில் இருக்கும் அரச நாணயத் தொகுப்பின்மேல் ஒரு குண்டு விழுந்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில், தன் தொகுப்பை நூறு வருஷம் யாரும் விற்கக் கூடாது, அரசத் தொகுப்புக்கு ஏதாவது ஆனால் இதை வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம், நூறு வருஷம் கழித்தும் அங்கே எல்லாம் பத்திரமாக இருந்தால் ஏலம் விட்டுப் பணத்தை என் நேரடி வாரிசுகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டார். பேரன் பேத்திகளின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பீரோ நிறையத் தங்கம் இருக்கிறது, சாவி மட்டும் 2023-ல்தான் கிடைக்கும்! தொகுப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே வெகுகாலம் ரகசியமாக இருந்தது. ஹிட்லர் படை டென்மார்க்கைப் பிடித்த காலத்தையும் தாண்டி அது அப்படியே தப்பித்திருக்கிறது.

கேட்லாக்குக்கு வருகிறேன். கணினித் திரையில் இலவசமாகவே படிக்கலாம். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்தில் ஒரு தடவைக்கு விடும் உருப்படிக்கும், படம், எடை, எந்த மன்னர், எந்த அக்கசாலை, எந்த நூலில் எந்த எண். அதோடு ப்ரூன் தொகுப்பில் அந்தக் காசுக்கு இருந்த எண்ணும் வருகிறது. அவர் இறந்தபின் 1928-ல் தொகுப்பு முழுவதற்கும் பட்டியல் அச்சிட்டிருக்கிறார்கள், அதிலிருந்து எடுத்த எண். நாணயம் சேர்க்காதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1928-ல் அச்சான ஒரு புத்தகத்தில் இந்தக் காசு இருக்கிறது என்றால், போன மாதம் யாரும் பட்டறையில் அடித்துக் கொண்டுவந்ததில்லை. போன வருஷம் எந்த வயலிலும் திருட்டுத்தனமாகத் தோண்டியதும் இல்லை. நூறு வருஷப் பூர்வீகம் கையில் இருக்கிறது. உயர்விலை நாணய ஏலத்தில் காசு கொடுத்து வாங்குவது பாதிக்குப் பாதி இதைத்தான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் 1933 டபுள் ஈகிள் கதை தெரிந்திருக்கும். இருபது டாலர் தங்க நாணயம், 4,45,500 அடித்தார்கள். ரூஸ்வெல்ட் தங்கத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்ததால் அத்தனையையும் உருக்க உத்தரவு. சில மட்டும் வெளியே நழுவின. அதில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபாரூக் வாங்கினார், 1944-ல் அமெரிக்கக் கருவூலமே விவரம் தெரியாமல் ஏற்றுமதி அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஒரு அனுமதிச் சீட்டினால்தான் அந்த நாணயம் தனியார் வைத்துக்கொள்ளத் தகுந்ததாக ஆனது. 2002-ல் 75.9 லட்சம் டாலருக்குப் போனது, 2021-ல் 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போனது. அதே அச்சு, அதே தங்கம், அதே வருஷத்துப் பத்து நாணயங்கள் பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்தின் பெட்டகத்தில் கிடைத்தன. சீட்டு இல்லை. அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நீதிமன்றமும் அரசாங்கத்தின் பக்கம்தான் நின்றது.

எதிர்த்திசையில் ஒரு கதை. சீசரைக் குத்திக் கொன்றதைப் பெருமையாக அச்சடித்த புரூட்டஸின் தங்க நாணயம் ஒன்று 2020-ல் லண்டனில் 32.4 லட்சம் பவுண்டுக்கு விற்றது. பழைய ரோமானிய நாணயங்களில் அது உச்ச விலை என்று உலகமெல்லாம் செய்தி. பழைய தொகுப்பிலிருந்து வந்தது என்று கேட்லாக்கில் போட்டிருந்த பூர்வீகம் பொய் என்று பின்னால் தெரிந்தது. ஏல நிறுவன உரிமையாளர் 2023-ல் நியூயார்க்கில் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாணயம் கிரீஸுக்குத் திரும்பிப் போனது. நாணயம் அசலாகவே இருக்கலாம். மேலே எழுதியிருப்பது பொய்யென்றால் வாங்கியவர் கையில் ஒன்றும் நிற்காது.

நம் ஊர்ப் பக்கம் இந்த வியாதி சின்ன அளவில் தினமும் நடக்கிறது. ஓர் இணைய ஏலத்தில், பெயர் வேண்டாம், தரங்கம்பாடிப் பத்துக் காசு ஒன்று போட்டிருந்தார்கள். 'ஒரு பழைய தொகுப்பிலிருந்து' என்று பெருமையாக ஒரு வரி. எந்தத் தொகுப்பு என்று மெயில் போட்டேன். ரகசியம் என்றார்கள். எந்த வருஷம் வாங்கியது என்றேன். பதில் இல்லை. கேட்டு எடுத்தேன், வந்து சேர்ந்தது. படத்தில் அழகான பழுப்பு நிறம். கையில் பார்த்தால் அமிலத்தில் கழுவிப் பாலிஷ் போட்டு, அந்தப் பளபளப்பை மறைக்க மேலே ஏதோ எண்ணெய். விளிம்பில் சுரண்டல், அந்தக் கோணத்தில் மட்டும் படம் எடுக்கவில்லை. திருப்பி அனுப்பலாமா என்றால் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று விதிமுறையில் பதினேழாவது வரியைக் காட்டினார்கள். அந்தக் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கடைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்ட.

அந்தக் கோபத்தோடு ப்ரூன் கேட்லாக்கைத் திறந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். குறை இருந்தால் குறை என்று எழுதுகிறார்கள். நாணயங்களை என்ஜிசி நிறுவனம் தரம் பார்த்து, தொகுப்பின் பெயர் போட்ட சீட்டோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்திருக்கிறது. எழுபதுக்கு இத்தனை என்ற அமெரிக்கத் தரவரிசை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நூறு வருஷம் வெறும் தட்டில் கிடந்த காசை இனி யாரும் விரலில் தொட்டுப் பார்க்க முடியாது. போலியா அசலா என்று என் போன்றவர்கள் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான், பிளாஸ்டிக் அதைப் பாதி மறைத்துவிடும். ஆனால் உலகம் முழுக்க நேரில் பார்க்காமலே லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் வேறு வழி என்ன என்றும் தெரியவில்லை. மாணவப் பருவத்திலிருந்தே சேர்க்கும் என் கும்பகோணத்து நண்பர் இந்தப் பெட்டிகளை 'காசுக்கு ஐஸ் பெட்டி' என்பார்.

சரி, ஏலம். மொத்தம் 286 லாட். 20,000-த்தில் பொறுக்கி எடுத்தவை, கல்யாண ஊர்வலத்தில் முதலில் வரும் நாதஸ்வரம் மாதிரி. எல்லாவற்றையும் விற்க வருஷக்கணக்கில் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அது நியாயம். ஒரே நாளில் கொட்டினால் விலை விழும். ஸ்காண்டிநேவிய நாணயம் வாங்குகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள். பிரித்து விற்றால் இன்று தோற்றவர் அடுத்த முறை கை தூக்குவார். தொகுப்பு முழுசாகக் கலைவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உயிலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

உச்ச விலை, மன்னர் ஹான்ஸ் 1496-ல் வெளியிட்ட தங்க நோபிளுக்கு. டென்மார்க் அடித்த முதல் தங்க நாணயம் அது. கமிஷனும் சேர்த்து 12 லட்சம் யூரோ, ஏறக்குறைய 11 கோடி ரூபாய். ஸ்காண்டிநேவிய நாணயம் எதற்கும் அதுவரை கிடைக்காத விலை. அன்றைய மொத்த விற்பனை 1 கோடியே 48 லட்சம் யூரோ. நம் கணக்கில் 138 கோடி ரூபாய்க்குப் பக்கம். திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் காசுங்க நம்மளது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று இழுக்கும்போது கேட்கிறவர் முகம் தெரியும். மீன் ஏலமானாலும் கோயில் மாங்காய் ஏலமானாலும் யார் யாரோடு முட்டிக்கொள்கிறார்கள் என்பதே பாதி வேடிக்கை. இணையத்தில் பார்க்கிறவனுக்கு அது கிடைக்காது. அறையில் இருப்பவரா, தொலைபேசியில் இருப்பவரா, வேறு கண்டத்திலிருந்து பொத்தான் அழுத்துகிறவரா என்பதெல்லாம் மறைவில். இது எல்லாப் பெரிய ஏலத்துக்கும் பொருந்தும் குறை, இவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இவர்களுக்கென்று ஒன்று உண்டு. டென்மார்க்கில் புழங்குவது குரோனர், ஏலமோ யூரோவில். டென்மார்க்காரரின் டென்மார்க் நாணயத்தை டென்மார்க் தலைநகரில் விற்கும்போது டென்மார்க் பணம் செல்லாதா என்ன! வெளிநாட்டு வாங்குபவர்களுக்கு வசதி என்பார்கள். எனக்கு உறுத்தியது, எழுதிவிட்டேன்.

கமிஷன் கதையைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முடியாது. முதன்முதலாகப் பெரிய ஏலத்தில் கலந்துகொள்ள நினைக்கும் நம் ஆட்களுக்கு இதுதான் அதிர்ச்சி. சுத்தியல் தட்டும்போது கேட்ட விலை ஒன்று, பில்லில் வரும் விலை வேறொன்று. அதன்மேல் வாங்குபவர் கமிஷன் என்று பெரிய நிறுவனங்களில் இருபது சதவீதம் வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் உண்டு. விற்பவரிடமும் ஒரு பங்கு வாங்கலாம், பெரிய தொகுப்பு என்றால் அதைப் பேரம் பேசிக் குறைத்துக்கொள்வார்கள். பத்திரமாக அனுப்பும் செலவு தனி. இந்தியாவுக்கு வந்தால் சுங்கத்தில் நிற்கும். நீங்கள் ஆயிரம் யூரோ என்று மனசில் வைத்திருந்தால் எண்ணூறுக்கு மேல் கை தூக்கக் கூடாது. செய்தித்தாள்களில் வரும் சாதனை விலைகளும் பெரும்பாலும் கமிஷன் சேர்ந்தவைதான். நாணயத்தின் மதிப்பு என்று சொல்லப்படுவதில் ஆறில் ஒரு பங்கு ஏல நிறுவனத்தின் வருமானம் என்பதை நினைத்தால் சாதனை கொஞ்சம் சுருங்கும்.

இன்னொரு மறைவான சங்கதி ரிசர்வ் விலை. விற்பவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று உள்ளே சொல்லி வைத்திருக்கும் தொகை. 2016-ல் நியூயார்க்கில், பிரென்ட் போக் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து, 1804 என்று வருஷம் பொறித்த ஒரு டாலர் வெள்ளி நாணயம் ஏலத்துக்கு வந்தது. கமிஷனோடு 1 கோடியே 5 லட்சம் டாலரைத் தாண்டிப் போயும் ரிசர்வை எட்டாமல் விற்காமலே எடுத்து வைத்தார்கள். 2021-ல் அதே நாணயம் மறுபடி வந்து 76.8 லட்சம் டாலருக்குப் போனது. பேராசைக்குத் தண்டனை என்று சொல்லலாம்தான். ஆனால் அதே 2016-ல் விற்காமல் நின்ற அதே தொகுப்பின் 1822-ஆம் வருஷத்து ஐந்து டாலர் தங்க நாணயம், 2021-ல் முன்னைவிட அதிகமாக 84 லட்சம் டாலருக்குப் போனது. நாணய விலையை ஜோசியம் பார்க்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

ப்ரூன் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு. ஏலத்துக்கு முன்பே டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துக்கு முதல் உரிமை கொடுத்திருந்தார்கள். தங்கள் தொகுப்பில் இல்லாத ஏழு காசுகளை அவர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஆறு தங்கம், ஒரு வெள்ளி, மொத்தம் சுமார் 10 லட்சம் யூரோ. உயில் எழுதியவரின் கவலையே இந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் அரசத் தொகுப்பைப் பற்றியது. அதன் ஓட்டைகளை அவர் காசுகளே அடைத்தது பொருத்தம். இப்படி ஒன்று நம் ஊரில் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெருவழுதி பெயர் பொறித்த சங்ககாலச் செப்புக்காசோ, மாக்கோதை முகம் பொறித்த சேரர் வெள்ளிக்காசோ தனியார் ஏலத்துக்கு வரும்போது, எழும்பூர் அருங்காட்சியகம் முதல் வரிசையில் உட்கார்ந்து எடுத்துக்கொள்கிற காட்சியை நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

இங்கே சட்டம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் நம் சோழர் காசை கோபன்ஹேகன் ஏலத்தில் போட்டு யூரோ பார்க்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மண்ணில் புதைந்து கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! அந்தத் தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. தரங்கம்பாடிக் கடற்கரையில் கடல் கொந்தளித்து அடங்கிய காலையில் மணலைக் கிளறிக் காசு பொறுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கேயே வாங்கும் சுற்றுலாக்காரர்களிடமும் சொல்லுங்கள், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

யாருக்கு இந்த ஏலம்? கோடி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை தேவையில்லை. மற்றவர்கள் கேட்லாக்கை மட்டும் படியுங்கள். இங்கிலீஷ் கொஞ்சம் கனமாக இருக்கும், படங்களே பாதி பாடம் நடத்திவிடும். ஒரு காசை எப்படி விவரிக்க வேண்டும், எதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று தெரிந்துவிட்டால், நம் ஊர் ஏலப் பட்டியலில் 'அரிய', 'மிக அரிய', 'ஒரே ஒரு' என்று அள்ளி வீசுவதைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள். தரங்கம்பாடிச் செப்புக் காசில் சாதா வகைகள் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அதையே மூன்று பூஜ்யம் சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

தொகுப்பின் மிச்சம் பகுதி பகுதியாக ஏலத்துக்கு வருகிறது. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் நான் முதலில் தேடுவது தரங்கம்பாடி என்ற பெயரைத்தான். ப்ரூன் எண் போட்ட நாலு காசு ஒன்று மலிவாக மாட்டினால் கேட்பதாக இருக்கிறேன், கமிஷன் கழித்த கணக்கை இப்போதே எழுதி வைத்தாயிற்று. வெள்ளி ராயலின் வந்தால் வேடிக்கை மட்டும்தான்.